தண்ணீரை உள்ளே அழைத்த கடிகாரம்

கடலுக்குள் 160 அடி ஆழத்துக்கு இறங்குகிறவருக்கு 1950-களின் அமெரிக்கக் கடற்படை அட்டவணை கொடுத்த அவகாசம் ஐந்தே நிமிடம். நீர்ப்பரப்பை விட்ட கணத்தில் தொடங்கி, அடியிலிருந்து மேலே கிளம்பும் கணம் வரை அந்த ஐந்து நிமிடம் எண்ணப்படும். அதற்குள் கிளம்பிவிட்டால் வழியில் எங்கும் தங்காமல், நிதானமான ஒரே வேகத்தில் மேலே வந்துவிடலாம். தாண்டிவிட்டால், குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்றுதான் வர வேண்டும். 100 அடிக்கு அவகாசம் 25 நிமிடம். 60 அடிக்கு 60 நிமிடம்.

முக்குளிப்பவரின் உயிர், இப்படி இரண்டு எண்களைச் சார்ந்திருக்கிறது: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம். ஒன்று தெரிந்து மற்றது தெரியாவிட்டால் அட்டவணையால் பயனில்லை. நேரத்தைச் சொல்ல 1953 முதலே நல்ல கைக்கடிகாரங்கள் கிடைத்தன. ஆழத்தையும் அதே டயலில் ஒரு முள்ளாகக் காட்டிய கடிகாரம் ஒன்று 1968-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. செய்தவர்கள், இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு நன்கு பழக்கமான ஃபேவர் லூபா நிறுவனத்தார். கடிகாரத்தின் பெயர் 'பாத்தி'. மீட்டர் அளவுகோலோடு வந்தது 'பாத்தி 50'. அடிக் கணக்கில் வந்தது 'பாத்தி 160'.

மற்ற நிறுவனங்கள் எல்லாம் தண்ணீரை வெளியே நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், இந்தக் கடிகாரம் தன் முதுகில் துளையிட்டுத் தண்ணீரை உள்ளே வரவிட்டது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் உள்ள அறிவியலையும், அதற்கு அவர்களைத் தயார்ப்படுத்திய வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும்.

இரண்டு எண்கள் ஏன்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் இரத்தத்திலும் திசுக்களிலும் கொஞ்சம் எப்போதும் கரைந்தே இருக்கும். ஒரு திரவத்தில் எவ்வளவு வாயு கரையும் என்பது அந்த வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி கண்டறிந்தார். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் உடல் மேல் அழுத்தம் நான்கு மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் போகிறது. ஆகவே நைட்ரஜனும் நான்கு மடங்கு வரை கரைய முனைகிறது.

ஆனால் அது உடனே நடந்துவிடுவதில்லை. இரத்தம் நிறையப் பாயும் திசுக்கள் விரைவில் நிறைகின்றன. கொழுப்பும் மூட்டுகளும் மெதுவாக நிறைகின்றன. எவ்வளவு வாயு கரையக்கூடும் என்பதை ஆழம் தீர்மானிக்கிறது. அதில் எவ்வளவு உண்மையில் கரைந்துவிட்டது என்பதை நேரம் தீர்மானிக்கிறது. அவசரமாக மேலே வந்தால், கரைந்த நைட்ரஜன் திசுக்களிலும் இரத்தத்திலும் குமிழிகளாகப் பிரிகிறது. மூட்டு வலியில் தொடங்கி, பக்கவாதம், மரணம் வரை கொண்டுபோகும் நோய் அது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங், ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளுக்குள் இறங்கி ஏறியதால் 1872-இல் இந்த நோய்க்கு ஆளாகி, கட்டுமானத்தின் மீதிக் காலத்தை வீட்டிலிருந்தபடியே மேற்பார்த்தார்.

1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவருடைய சகாக்களும், ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில் முதல் நம்பகமான அட்டவணைகளை வெளியிட்டார்கள். உடலை விரைவாக நிறையும் திசு, மெதுவாக நிறையும் திசு என்று ஐந்து பிரிவுகளாகக் கொண்டு, ஒவ்வொன்றும் பாதி நிறைய 5 நிமிடம் முதல் 75 நிமிடம் வரை ஆகும் என்று கணக்கிட்டது அவர்கள் முறை. பின்னாளில் வந்த கடற்படை அட்டவணைகள் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவைதான்.

1943-இல் ஜாக் குஸ்தோவும் எமில் காஞானும் முதுகில் சுமக்கும் காற்றுக் கலனையும் தேவைக்கேற்பக் காற்று தரும் வால்வையும் இணைத்து ஸ்கூபா முறையை உருவாக்கினார்கள். அதற்கு முன் கனத்த தலைக்கவசத்தோடு இறங்கியவருக்கு ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கப் படகில் ஆட்கள் இருந்தார்கள். ஸ்கூபாவோடு இறங்கியவர் எல்லாக் கணக்கையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வெளியே நிற்க வைக்கும் கலை

1953-இல் பிளாங்பான் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ் வந்தது. அதே காலத்தில் ரோலெக்ஸ் சப்மரைனரும் ஸோடியாக் சீ வுல்ஃபும் வந்தன. முக்குளிப்புக் கடிகாரம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை இவை நிர்ணயித்தன. கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் பருத்த முட்கள், டயலைச் சுற்றிச் சுழலும் நிமிட வளையம். இறங்கும்போது அந்த வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், பிறகு கழிந்த நேரத்தை மனக்கணக்கின்றிப் படித்துவிடலாம்.

இவற்றின் பொறியியல் முழுவதும் ஒரே நோக்கம் கொண்டது: தண்ணீரைத் தடுப்பது. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியின் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் அதன் மேல் கூடுதலாக அழுத்தும் எடை ஏறத்தாழ 35 கிலோ. 200 மீட்டரில் 140 கிலோ. பின்மூடி, சாவி கொடுக்கும் திருகு, கண்ணாடியின் விளிம்பு என ஒவ்வோர் இணைப்பிலும் ரப்பர் வளையங்கள் இந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க வேண்டும். 100 மீட்டர், 200 மீட்டர், 300 மீட்டர் என்று நிறுவனங்கள் போட்டி போட்டன. டயலில் அச்சிட்ட அந்த எண்கள், கடிகாரம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லின. அணிந்திருப்பவர் இப்போது எந்த ஆழத்தில் இருக்கிறார் என்று அவை சொல்லவில்லை. 1967-இல் வந்த டாக்ஸா சப் 300டி, கடற்படை அட்டவணையையே சுழல் வளையத்தில் பொறித்துக் கொடுத்தது. அதிலும் ஆழத்தை அறியத் தனிக் கருவி வேண்டியிருந்தது.

லெ லோக்கிலிருந்து பம்பாய்க்கு

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைத்தொடரில், 900 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கும் ஊர் லெ லோக். நீண்ட பனிக்காலத்தில் வயல் வேலை நின்றுபோகும் அந்தப் பகுதியில், 18-ஆம் நூற்றாண்டில் கடிகாரத் தொழில் வேரூன்றியது. பக்கத்து ஊரான லா ஷோ-த-ஃபோனும் லெ லோக்கும் கடிகாரத் தொழிலுக்கென்றே அமைந்த நகரமைப்புக்காக 2009-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த லெ லோக்கில் ஆப்ரஹாம் ஃபேவர் என்பவர் கடிகாரப் பட்டறை வைத்திருந்ததற்கான 1737-ஆம் ஆண்டு ஆவணத்திலிருந்து ஃபேவர் லூபா தன் வயதைக் கணக்கிடுகிறது. சுவிஸ் கடிகாரப் பெயர்களில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. 1815-இல் ஃபேவர் குடும்பமும் லூபா குடும்பமும் கூட்டுச் சேர்ந்ததும் இரட்டைப் பெயர் நிலைத்தது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபிரிட்ஸ் ஃபேவர் சந்தை தேடி உலகம் சுற்றினார். 1865-இல் இந்தியாவுக்கு வந்தார். இங்கே காலூன்றிய முதல் சுவிஸ் கடிகார நிறுவனங்களில் ஃபேவர் லூபாவும் ஒன்று. பம்பாயை மையமாக வைத்து நூறாண்டுக்கு மேல் அது இந்தியாவில் வியாபாரம் செய்தது. சீ சீஃப், சீ கிங் போன்ற அதன் கடிகாரங்கள் திருமணச் சீராகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் இந்திய வீடுகளுக்குள் வந்தன. தாத்தாவின் மேசை அறையில் இன்றும் அவற்றில் ஒன்று கிடக்கும் வீடுகள் தமிழ்நாட்டிலும் உண்டு. பெயரில் கடல் இருந்தாலும் அவை கரையில் கட்டிக்கொள்ளும் கடிகாரங்களே.

நிறுவனத்தின் இன்னொரு முகம் கருவி செய்வோருடையது. 1962-இல் இரண்டு இடங்களில் அது வெளிப்பட்டது. ஒன்று, இரட்டைச் சுருள்வில் பொருத்திய மெல்லிய இயக்கம். கடிகாரத்தை ஓட்டும் ஆற்றலை இரண்டு சிறிய வில்கள் பகிர்ந்துகொண்டதால், இயக்கத்தின் கனம் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கியும் ஒரு முறை சாவி கொடுத்தால் இரண்டு நாளைக்கு ஓடியது. மற்றொன்று 'பிவாக்'. பாத்தியின் கதை உண்மையில் இந்த பிவாக்கில்தான் தொடங்குகிறது. அது கடலுக்காகச் செய்ததல்ல, மலைக்காகச் செய்தது.

மலை சொல்லிக் கொடுத்த பாடம்

உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும் என்பதை 1648-இல் பிரான்சில் மெய்ப்பித்தார்கள். பிளேஸ் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் ஃப்ளோரன் பெரியே பாதரசக் குழாயோடு புய் த டோம் மலையேறினார். உச்சியில் பாதரசம் அடிவாரத்தைவிட சுமார் 8 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடைதான் காற்றழுத்தம் என்பது அன்று உறுதியாயிற்று. தலைக்கு மேல் காற்று குறைந்தால் அழுத்தம் குறையும். தலைக்கு மேல் தண்ணீர் கூடினால் அழுத்தம் கூடும். மலையேறுபவருக்கும் கடலில் இறங்குபவருக்கும் பொது விதி அது.

பாதரசக் குழாயைக் கையில் கட்டிக்கொள்ள முடியாது. 1844-இல் பிரெஞ்சுக்காரர் லூசியன் விடி திரவமே இல்லாத அனராய்டு அழுத்தமானியை உருவாக்கினார். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு மூடிய, மெல்லிய சுவர் கொண்ட ஓர் உலோகப் பெட்டி அதன் இதயம். வெளி அழுத்தம் கூடினால், விரலால் அமுக்கிய தகர டப்பாவின் மூடி போல அதன் முகம் உள்வாங்கும், குறைந்தால் மீளும். அந்த நுண்ணிய அசைவை நெம்புகோல்களும் பற்சக்கரங்களும் பெருக்கி முள்ளின் சுழற்சியாக மாற்றும்.

இந்தப் பெட்டியைச் சுருக்கிக் கைக்கடிகாரத்துக்குள் வைத்தது பிவாக். 3,000 மீட்டர் வரை உயரம் காட்டிய அது, இயந்திர உயரமானி கொண்ட முதல் கைக்கடிகாரம் எனப் பெயர் பெற்றது. 1964 ஆகஸ்டில் வால்டர் பொனாட்டியும் மிஷெல் வோஷேவும் ஆல்ப்ஸ் மலையின் கிராண்ட் ஜோராஸ் வடமுகம் வழியாக விம்பர் முனையை முதன்முதலில் ஏறி வென்றார்கள். பிவாக் அணிந்தவர்களாக நிறுவனம் இன்றும் பெருமையோடு சொல்லும் பெயர்கள் அவை.

உயரமானிக்கு ஒரு தீராத தொல்லை உண்டு. கடல்மட்டத்துக்கு அருகே 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல்தான் குறைகிறது. வானிலை மாறினால் அதே அழுத்தம் ஒரே இரவில் 20 ஹெக்டோபாஸ்கல் குறையக்கூடும். கூடாரத்தில் தூங்கி எழுந்தவருக்குத் தான் 160 மீட்டர் ஏறிவிட்டதாக முள் காட்டும். அதனால் உயரம் தெரிந்த ஓர் இடத்தில் அளவுகோலை அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கடலில் இந்தத் தொல்லை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. கடல்நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. ஒரு சென்டிமீட்டர் தண்ணீரே 1 ஹெக்டோபாஸ்கலுக்குச் சமம். புயலின்போது அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் சரிந்தாலும் ஆழத்தில் வரும் பிழை 20 சென்டிமீட்டர்தான். முக்குளிப்பவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் வேறொரு சவால் முளைக்கிறது. 3,000 மீட்டர் உயர வேறுபாட்டுக்கு பிவாக் உணர வேண்டிய அழுத்த மாற்றம் சுமார் 300 ஹெக்டோபாஸ்கல். 50 மீட்டர் ஆழத்துக்கு அது ஏறத்தாழ 5,000. காற்றுக்கென்று செய்த நொய்மையான பெட்டி கடலில் நசுங்கிப்போகும். கொள்கை ஒன்றாக இருந்தாலும், வேறு கனத்தில், வேறு விறைப்பில் புதிய உறுப்பு வேண்டும். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த பாத்தி அதற்கான விடை.

சவ்வு செய்யும் இரட்டை வேலை

பாத்தியைத் திருப்பிப் பார்த்தால் பின்மூடியில் துளைகள் தெரியும். அவற்றின் வழியே கடல்நீர் புகுந்து ஓர் உலோகச் சவ்வைத் தொடுகிறது. சவ்வின் வெளிமுகத்தில் கடல். உள்முகத்தில் கடிகாரமும் அதனுள் அடைபட்ட, கரையில் இருந்த அதே அழுத்தமுள்ள காற்றும். இறங்க இறங்கத் தண்ணீர் சவ்வை உள்ளே தள்ளுகிறது. மில்லிமீட்டரில் ஒரு பங்கான அந்த அசைவை நெம்புகோல் வாங்கிப் பற்சக்கரத்துக்குக் கொடுக்க, டயலின் மையத்தில் இருக்கும் ஆழ முள் நகர்கிறது. மேலேற மேலேற சவ்வு மீள, முள்ளும் திரும்புகிறது. மின்சாரம் இல்லை, மின்கலம் இல்லை. நேரத்தைச் சுருள்வில் ஓட்டுகிறது, ஆழத்தைக் கடலே ஓட்டுகிறது.

இங்கே சவ்வுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். தண்ணீர் உள்ளே கசியாதபடி சுவராக நிற்க வேண்டும். அதே சமயம் அழுத்தத்துக்கு இணங்கி அசையவும் வேண்டும். தடித்தால் அசையாது, மெலிந்தால் கிழியும். ஒவ்வொரு முறையும் அதே அழுத்தத்துக்கு அதே அளவே வளைந்து, விட்டதும் பழைய நிலைக்கே மீள வேண்டும். சாதாரண உலோகங்கள் பல முறை வளைந்தபின் கொஞ்சம் வளைந்தே நின்றுவிடும். அப்போது முள் கரையில்கூட ஆழம் காட்டும். இத்தகைய கருவிகளில் பெரிலியம் கலந்த செம்புக் கலவை விரும்பப்படுவதன் காரணம் இதுதான். நன்றாக மீளும் குணமும் உப்புநீரைத் தாங்கும் குணமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

ஆழம் காட்ட இதைவிட எளிய வழி ஒன்றும் அன்று இருந்தது. ஒரு முனை திறந்த நுண்குழாயை டயலின் ஓரமாக வளைத்து வைத்தால் போதும். இறங்கும்போது தண்ணீர் அதில் புகுந்து உள்ளிருக்கும் காற்றைச் சுருக்கும். பாயிலின் விதிப்படி 10 மீட்டரில் காற்று பாதியாகும், 20-இல் மூன்றில் ஒரு பங்காகும், 30-இல் கால் பங்காகும். இந்தக் கணக்கிலேயே அதன் குறையும் இருக்கிறது. முதல் 10 மீட்டருக்குக் குழாயின் பாதி நீளம் செலவாகிவிடுகிறது. 30-க்கும் 40-க்கும் இடையே இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. எங்கே தவறு ஆபத்தோ அங்கேதான் கோடுகள் நெருக்கியடிக்கின்றன. சவ்வில் இந்தக் குறை இல்லை. ஆழமான நீரிலும் கோடுகள் படிக்கும்படி விலகி நிற்கும்.

இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. முள் நேரடியாக அறிவது அழுத்தத்தை, ஆழத்தை அல்ல. நன்னீர் கடல்நீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் லேசானது. கடலுக்கென அளவிட்ட கருவி, ஏரியில் 40 மீட்டர் இறங்கியவருக்கு 39 என்று காட்டும். சுவாரஸ்யம் என்னவென்றால், உடலில் நைட்ரஜனைக் கரைப்பதும் அழுத்தம்தான். அந்த வகையில் கருவி, உடல் எதை உணர்கிறதோ அதையே படிக்கிறது.

ஐம்பது போதுமா?

போட்டி நிறுவனங்கள் 200, 300 என்று எழுதியபோது 50 மீட்டரோடு நின்ற கடிகாரம் பலவீனமானதாகத் தோன்றலாம். தண்ணீரை உள்ளே வரவிட்டதற்கு ஃபேவர் லூபா கொடுத்த விலை அது. எந்த ஆழத்திலும் அசையாத சுவரும், ஒவ்வொரு மீட்டருக்கும் அசையும் சவ்வும் ஒரே பொருளாக இருக்க முடியாது.

ஆனால் அந்த எல்லை எதனோடு பொருந்துகிறது என்று பாருங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்து இறங்குகிறவரை 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் மயக்கம் தொட ஆரம்பிக்கிறது; சாராயம் குடித்தவரைப் போல நிதானம் தவறும். 40 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் கலனிலிருந்து கரையில் எடுப்பதைவிட ஐந்து மடங்கு காற்றை எடுக்கிறது. 160 அடியில் அட்டவணை தரும் அவகாசம் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. பொழுதுபோக்காகவோ ஆய்வுக்காகவோ இறங்குகிறவரின் தீர்மானங்கள் அனைத்தும் இந்த 50 மீட்டருக்குள்தான் நடக்கின்றன. உலோகம் எவ்வளவு தாங்கும் என்பது உற்பத்தியாளரின் பெருமை. மனிதன் எங்கே இருக்கிறான் என்பது மனிதனுக்குத் தேவையான தகவல். பாத்தி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. இதன் சிறப்பு அந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று பாத்தியைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். வாங்கியதும் அதோடு கடலில் குதிக்கக் கூடாது. அரை நூற்றாண்டில் ரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும். உப்புநீர் தொட்ட சவ்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. அக்காலச் சுவிஸ் கடிகாரங்களில் ஒளிக்காகப் பூசிய டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1968-இல் பூசியதில் இன்று மிஞ்சியிருப்பது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஓசூர் வழியாக

பாத்தி வந்த மறு ஆண்டே, 1969 டிசம்பரில், ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 90,000-லிருந்து 30,000 சொச்சமாகச் சரிந்தது. எட்டுத் தலைமுறை நடத்திய ஃபேவர் லூபாவும் 1980-களில் குடும்பத்தின் கையை விட்டுப் போய், உரிமையாளர்கள் மாறி மாறி, பெயரளவில் உயிர் தரித்தது.

2011-இல் அதை வாங்கியது டைட்டன். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை அமைத்த அதே டைட்டன்தான். 1865-இல் இந்தியாவைச் சந்தையாகக் கண்டு வந்த நிறுவனத்துக்கு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து இந்திய நிறுவனம் உரிமையாளர் ஆயிற்று. டைட்டனின் காலத்தில், 2018-இல், புதிய பாத்தி ஒன்றும் பிறந்தது. 120 மீட்டர் வரை அளந்ததோடு, தொட்ட அதிகபட்ச ஆழத்திலேயே நின்றுவிடும் நினைவு முள் ஒன்றும் அதில் இருந்தது. 2023-இல் பெயர் மறுபடி கை மாறி, எத்தோஸ் என்ற மற்றோர் இந்திய நிறுவனத்தின் சுவிஸ் துணை நிறுவனத்துக்குப் போனது.

முக்குளிப்பவர்களுக்கு 1983 முதல் மின்னணுக் கணினிகள் கிடைக்கத் தொடங்கின. ஆழத்தையும் நேரத்தையும் நொடிக்கு நொடி எடுத்து, ஹால்டேன் வழி வந்த கணக்கைத் தாமே போட்டு, இன்னும் எத்தனை நிமிடம் என்று அவை சொல்லிவிடுகின்றன. இயந்திர ஆழமானியின் தேவை அதோடு முடிந்தது. ஆனால் இன்றைய கணினிக்குள் இருக்கும் அழுத்த உணரியைத் திறந்து பார்த்தால் அங்கேயும் ஒரு சவ்வு இருக்கிறது. செம்புக் கலவைக்குப் பதில் சிலிக்கன். நெம்புகோலுக்குப் பதில், வளையும்போது மின்தடை மாறும் நுண்பட்டைகள். ஒரு முகத்தில் கடல், மறுமுகத்தில் அடைபட்ட வெளி என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆழத்தையும் நேரத்தையும் ஒரே மணிக்கட்டில் சேர்க்க வேண்டும், அதற்காகக் கடலைக் கருவிக்குள் அனுமதித்தே ஆக வேண்டும் என்ற முடிவை 1968-இல் பற்சக்கரங்களோடு எடுத்தவர்கள் சரியாகவே எடுத்தார்கள். அவர்களுடைய பெயரை, தடிமனான கண்ணாடி செய்தவர்களின் பெயருக்குப் பக்கத்திலாவது நாம் வைக்க வேண்டும்.